காகம் யோசிக்கிற நேரம்

பின்வரிசைதான் நல்லது என்று நான் சொன்னேன், இவர் ஏனென்று கேட்கவில்லை, இரண்டு ஹெல்மெற்றையும் மடியில் வைத்துக்கொண்டு மின்விசிறிக்கு நேர்கீழே இருந்த கதிரையில் இருந்துவிட்டார். நான் தனியாக வந்திருக்க வேண்டும். பஸ் ஓடாத நாளாகப் பார்த்துக் கூட்டம் வைத்தால் நான் என்ன செய்வது. காலையில் றோட்டில் நின்று நின்று பார்த்தேன், பரந்தன் பக்கமிருந்து ஒன்றையும் காணவில்லை, பால் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பி வந்த இவர் எங்கே வெளிக்கிட்டு நிற்கிறாய் என்று கேட்டார், யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டம், மாதர் சங்கத்துக்கு அழைப்பு வந்தது என்றேன். அது பொய்யில்லை. சங்கத்துக்கும் வந்தது, எனக்கென்று தனியாகவும் வந்தது, இரண்டாவதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஏறு என்றார். கொண்டுவந்து இறக்கிவிட்டு வெளியே தேத்தண்ணிக் கடையில் இருப்பார் என்று நினைத்திருந்தேன், ஆனால் இந்த வெயிலுக்கு மனுசன் எங்கே போவார், உள்ளே வந்துவிட்டார், இப்போது மேடையில் கட்டியிருக்கிற பதாகையை எழுத்தெழுத்தாக வாசிக்கிறார், அவருக்கு வாசிக்கும்போது உதடு அசையும், போர்க்காலப் பாலியல் வன்முறை என்ற இடத்தில் உதடு நின்றது, பிறகு மெல்லமாக ஓர் ஆய்வு என்று முடித்தது. என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. ஒரு ஹெல்மெற்றின் கண்ணாடியை மேலே தள்ளுகிறார், கீழே விடுகிறார், டக், டக். சிவப்பி கன்று போடுகிற மாதம், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன், அவள் பார்ப்பாளோ தெரியாது. இதையே நினைத்துக்கொண்டிருந்தால் நல்லது. மாட்டை நினை, நிறஞ்சலா, மாட்டை நினை. ஆனால் மனம் மாட்டிலே நிற்காமல் மேடைக்குப் போய்விடுகிறது, அங்கே மிஸ் எழும்பிவிட்டார், நீலச் சேலை, கழுத்தில் ஒன்றுமில்லை, ஒலிவாங்கியைத் தட்டிப் பார்க்கிறார், எத்தனையோ மத்தியானங்கள் எனக்கு முன்னால் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் வியர்த்து வழிந்துகொண்டு இருந்த பிள்ளை, இன்றைக்கு எல்லாரும் டொக்டர் துஷ்யந்தி என்கிறார்கள், எனக்கு முதல்நாள் தொடக்கம் மிஸ்தான், அவருக்கு நான் அக்கா.

அவர் முன்னுரை சொல்லி முடித்துவிட்டு மூன்றாம் அத்தியாயத்துக்கு வருவார். அதில் மாதுமை சொன்னதை அப்படியே வாசிப்பார். மாதுமை நான்தான். இது இந்த மண்டபத்தில் அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். முதலில் மிஸ் எங்களுக்கெல்லாம் அ, ஆ, இ என்று எழுத்துப் போடுவதாக இருந்தது, நான்தான் மாட்டேன் என்றேன், எழுத்து வேண்டாம், எண்ணும் வேண்டாம், அங்கே எங்களை விரலால் காட்டித்தான் கூப்பிட்டார்கள், இங்கேயாவது பெயர் வேண்டும், சொந்தப் பெயர் ஏலாதென்றால் வேறு பெயர் வைப்போம் என்றேன். அதற்குப் பிறகு எல்லாருக்கும் தன் பெயரைத் தானே தெரிவு செய்யும் உரிமை வந்தது. ஒருத்தி தனக்குப் படிப்பித்த கணக்கு ரீச்சரின் பெயரை எடுத்தாள். இன்னொருத்தி ஒரு நடிகையின் பெயரைச் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் மாதுமை என்றேன், திருக்கோணேஸ்வரத்து அம்மனின் பெயர், வாய்க்குள் உருட்டிப் பார்க்கச் சுகமாக இருக்கும். சரி, பெயரால் இவருக்கு ஒன்றும் தெரியவராது. ஊரின் பெயர் இல்லை, வயது இல்லை, என்னோடு வந்த மாமியைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரி. அதை மாற்றுவோமா என்று மிஸ் கேட்டபோது மாற்றியிருக்கலாம். அதிகாலை என்று போட்டால் எல்லாருக்கும் விளங்கும் அக்கா என்றார். நான் அன்றைக்குப் பெரிய எடுப்பாக மறுத்துவிட்டேன். "விளங்குறவைக்கு விளங்கட்டும் மிஸ். அண்டைக்கு அப்பிடித்தான் விடிஞ்சது. அது என்ரை சொல்." என்ன திமிர். அந்தத் திமிரோடு வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தண்ணீர் வைத்தேன், வாளியைத் தூக்கும்போதும் தலை நிமிர்ந்தே இருந்தது, ஏதோ நான் ஒரு காணியை மீட்டுவிட்டது போல. அன்றைக்கு இவர் பின்வரிசையில் இருந்து கேட்பார் என்று கனவா கண்டேன்.

காகம் யோசிக்கிற நேரம். விடியப்போகிறது, இருள் இன்னும் போகவில்லை, முருங்கையில் இருக்கிற காகம் விழித்துவிட்டது, சிறகை அசைக்கிறது, கழுத்தைத் திருப்புகிறது, ஆனால் கரையவில்லை, கரைவதா விடுவதா என்று யோசிக்கிறது. சின்ன வயதில் நானாகச் சொல்லத் தொடங்கினது. வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். கலியாணம் கட்டி வந்த பிறகு இவர் சிரிக்கவில்லை, பிடித்துக்கொண்டுவிட்டார், பால் வண்டிக்காரனிடம்கூடக் காகம் யோசிக்கிற நேரத்துக்கு வா என்பார், அவன் விளங்காமல் முழிப்பான். உலகத்தில் இந்தச் சொல்லைப் பேசுகிற ஆட்கள் இரண்டே பேர், இரண்டு பேரும் இந்தப் பின்வரிசையில் இருக்கிறோம். எழும்பிப் போய்விடலாமா. தலைவலிக்கிறது என்று சொன்னால் உடனே எழும்புவார், ஒரு கேள்வி கேட்கமாட்டார், கேள்வி கேட்காத மனுசன், பத்மசீலன். கலியாணம் பேசும்போது மாமா இவரிடம், பிள்ளை கடைசிச் சண்டை முடிந்த பிறகு கொஞ்சக் காலம் முகாமில் இருந்தவள் என்று இழுத்துச் சொன்னாராம். எல்லாரும்தானே இருந்தோம் என்று இவர் சொன்னாராம். அத்தோடு சரி. அந்தச் சொல்லுக்குள்ளேதான் இத்தனை வருடம் குடியிருந்தேன். நல்ல வீடு. ஆனால் அதில் ஒரு அறை பூட்டியிருந்தது, அதை அவரும் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை, இரண்டு பேரும் அந்தக் கதவைத் தாண்டித் தாண்டி நடந்து பழகிவிட்டோம்.

தலைவலிக்கிறது என்று சொல், இப்போது சொல், முன்னுரை முடியப்போகிறது. வாய் வரவில்லை. வராததற்குக் காரணம் பயமில்லை, இன்னொன்று, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கேட்க வேண்டும். நான் சொன்னதை மேடையில் வைத்து ஒருவர் வாசிக்க, முன்னால் இத்தனை தலைகள் அசையாமல் இருந்து கேட்பதை நான் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இந்தச் சேலையை மினுக்கி உடுத்திக்கொண்டு வந்தேன். மிஸ் என்னிடம் முதன்முதல் கேட்ட கேள்வியை நினைக்கிறேன். சங்கத்துக் கட்டடத்தின் பின் அறை, ஜன்னலுக்கு வெளியே யாரோ தேங்காய் உரிக்கிற சத்தம். உங்களுக்கு என்ன நடந்தது என்று கேட்பார், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு எழும்புவோம் என்று ஆயத்தமாக இருந்தேன். அவர் வேறு கேட்டார். "அண்டைக்கு என்ன சாப்பிட்டனீங்கள் அக்கா?" எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு பிடி அரிசிமா, தண்ணீரில் கரைத்தது, மாமி சேலைத் தலைப்பில் முடிந்துவைத்திருந்தது. அரிசிமாவைச் சொன்னேன், மாமியைச் சொன்னேன், வரிசையில் நின்றதைச் சொன்னேன், வரிசையிலிருந்து என்னை ஒரு விரல் வேறு பக்கம் காட்டியதைச் சொன்னேன், பிறகு நிற்பாட்ட முடியவில்லை. பின்னாளில் மற்றப் பெண்களைத் தேடி மிஸ்ஸோடு நானும் போகத் தொடங்கியபோது நானும் அதைத்தான் கேட்டேன். அப்படித்தான் கணக்கு ரீச்சரின் பெயர்க்காரி வந்தாள். ஒரு கலியாண வீட்டில் ஜெனரேற்றர் போட்டதும் பந்தியிலிருந்து எழும்பிப் போனவள் அவள், கிணற்றடியில் நின்று கையைக் கழுவிக் கழுவிக்கொண்டு நின்றாள், நான் பக்கத்தில் போய் நின்றேன், எனக்கும் அந்தச் சத்தம் கூடாது என்று மட்டும் சொன்னேன், அங்கேயும் இரவெல்லாம் ஒரு ஜெனரேற்றர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்த்த பார்வை. அவளை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, பல மாதம் பொறுத்து அவளாகவே வந்தாள். ஆராய்ச்சி என்றால் கண்ணாடி போட்டவர்கள் புத்தகத்துக்குள் செய்வது என்று நினைத்திருந்தேன், கிணற்றடியில் பேசாமல் நிற்பதும் ஆராய்ச்சிதானாம், மிஸ் சொன்னார். எனக்கு அன்றைக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோசத்தில்.

மிஸ் இப்போது பக்கத்தைத் திருப்புகிறார். கண்ணாடியைச் சரிசெய்கிறார். மாதுமை சொன்னது என்கிறார்.  வாசிக்கிறார். அரிசிமா வந்தது. வரிசை வந்தது. அந்தக் கட்டடம், உள்ளே நாங்கள் சிலர், கதவைத் திறக்கும் போதெல்லாம் யாரைக் காட்டுவார்கள் என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது, எல்லாம் வந்தது, நான் சொன்ன மாதிரியே, எனக்கு மூச்சு வாங்கிய இடத்தில் மிஸ்ஸும் நிறுத்தி வாசிக்கிறார். நடந்ததை நான் சொன்னது நாலு வசனம்தான், அதற்கு மேல் யாருக்கும் தேவையில்லை, அந்த நாலையும் கூட்டாமல் குறைக்காமல் வாசித்தார். முன்வரிசையில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். குனியாதேயுங்கோ என்று எனக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது, நானே குனியவில்லை, உங்களுக்கென்ன. அடுத்த வசனம் வரப்போகிறது. அவர்கள் என்னை வெளியே விட்டபோது. டக், டக் என்கிறது ஹெல்மெற் கண்ணாடி. "அவர்கள் என்னை வெளியே விட்டபோது காகம் யோசிக்கிற நேரம்," என்று மிஸ் வாசித்தார்.

கண்ணாடி மேலே போய் நின்றது. கீழே வரவில்லை. நான் மேடையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை, ஆனால் என் இடது பக்கம் முழுவதும், தோள், காது, கன்னம், எல்லாம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. மூச்சு விடுகிறாரா. விடுகிறார். எழும்பிப் போவாரோ. போனால் ஹெல்மெற்றைக் கொண்டு போவாரோ விட்டுவிட்டுப் போவாரோ. எப்படி வீட்டுக்குப் போவேன். பஸ் இல்லை. என்ன நினைக்கிறேன் நான், பஸ்ஸை நினைக்கிறேன், இந்த நேரத்தில் பஸ்ஸை. கோபமாக இருந்தால் எப்படியிருக்கும் இவர் முகம், நான் பார்த்ததே இல்லை, மழையில் புல்லுக்கட்டு நனைந்தால்தான் இவருக்குக் கோபம் வரும். கோபமில்லை, அருவருப்பு என்றால். அந்தச் சொல் மனதில் வந்ததும் எனக்கு என்மேல் ஆத்திரம் வந்தது. நான் ஏன் தீர்ப்புக்குக் காத்துக்கொண்டிருக்கிறேன். நான் எந்தக் குற்றத்துக்காக வந்து இருக்கிறேன். அன்றைக்கு வரிசையில் நின்ற பிள்ளைதான் விரலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள், நான் அவளில்லை, நான் அவளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தவள். மிஸ் ஒரு முறை எழுதியிருந்தார், மாதுமை உடைந்துபோனார் என்று. வாசித்துக் காட்டியபோது வெட்டச் சொன்னேன். "பானைதான் உடையும் மிஸ். எனக்கு ஒண்டு நடந்தது. நான் உடையேல்லை." அவர் எனக்கு முன்னாலேயே அந்தச் சொல்லை வெட்டினார். அப்படிச் சொன்னவள் இப்போது பக்கத்துக் கதிரையின் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கலாமா. எண்ணாதே. நிமிர்ந்து இரு. நிமிர்ந்து இருந்தேன். மனம் என்னவோ திரும்பத் திரும்ப அந்த ஹெல்மெற் கண்ணாடிக்குத்தான் போகிறது, மேலே நிற்கிற கண்ணாடி, கீழே வராத கண்ணாடி.

மிஸ் வாசித்து முடித்தார். கை தட்டுவதா விடுவதா என்று யாருக்கும் தெரியவில்லை. கேள்விகள் இருந்தால் கேட்கலாம் என்றார்கள். நடு வரிசையிலிருந்து வயதான ஒருவர் எழும்பினார், வெள்ளைச் சேட்டு, ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் போல. குரலில் கெட்ட எண்ணம் இல்லை, அதுதான் இன்னும் வருத்தமாக இருந்தது. "பிள்ளை, நான் மறுக்கேல்லை. ஆனா இத்தினை வருசத்துக்குப் பிறகு ஒருத்தர் சொல்லுறதை எப்பிடி நம்புறது எண்டு மற்றப் பக்கம் கேட்கும். சொல்லிக் குடுத்துச் சொல்ல வைச்சதெண்டும் சொல்லுவினம். நீங்கள் என்ன சொல்லுவியள்?" மண்டபத்தில் பல தலைகள் ஆடின. இந்தக் கேள்வியை நான் என்னிடமே எத்தனையோ வருடம் கேட்டிருக்கிறேன். ஏனென்றால் அங்கே சுவரில் ஒரு வாத்து இருந்தது. சிவப்புக் குடை பிடித்த வாத்து. பைத்தியக்காரத்தனம் இல்லையா, அப்படி ஒரு இடத்தில் வாத்து எப்படி வரும், அதுவும் குடையோடு. வெளியே வந்து நெடுங்காலம் கண்ணை மூடினால் அந்த மனிதர்களின் முகம் வராது, வாத்துத்தான் வரும், எனக்கு மூளை கலங்கிவிட்டது என்றே நினைத்தேன், யாரிடமும் சொல்லவில்லை, மிஸ்ஸிடம்கூடக் கடைசியாகத்தான் சொன்னேன், சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். எல்லாருடைய பதிவும் முடிந்த பிறகு ஒரு நாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அக்கா, வாத்தை நாலு பேர் சொல்லியிருக்கினம். அதில் மூன்று பேர் ஒருவரையொருவர் கண்டதேயில்லை. ஒருவர் சொன்னது மற்றவரின் நினைவில் கலந்துவிடக் கூடாதென்று அத்தனை மாதமும் அந்தப் பிள்ளை வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். நான் அழுதேன், ஆராய்ச்சி முடியும்வரை அழாதவள் வாத்துக்கு அழுதேன். என் தலை சரியாகத்தான் இருந்தது. இத்தனை காலமும் சரியாகத்தான் இருந்தது.

மிஸ் கேள்வி கேட்டவருக்கு வாத்தைச் சொன்ன நாலு பேரின் கதையையும் அமைதியாக விளக்கினார். அது போருக்கு முன்னர் சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடமாக இருந்த கட்டடம் என்றார். பிறகு திரையில் ஒரு படத்தைப் போட்டார். எனக்கு அந்தப் படத்தைத் தெரியும். அந்தக் கட்டடம் இப்போது வயலுக்குப் போடுகிற பசளை மூட்டை அடுக்குகிற இடம், சுவருக்குப் பச்சைப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள், உள்ளே போகவேண்டாம் அக்கா, நான் மட்டும் போய்ப் பார்க்கிறேன் என்று மிஸ் சொன்னார், இல்லை, நான் வருவேன் என்று போனேன், பசளை மணம் மூக்கை அடைத்தது, ஆனாலும் எனக்குத் தெரியும் எந்தச் சுவர் என்று. கொண்டையூசியை எடுத்துச் சுரண்டினேன். பச்சை உதிர்ந்தது, பிறகு வெள்ளை, பிறகு சிவப்பு. குடையின் விளிம்பு. திரையில் அது இப்போது ஒரு கதவளவு பெரிதாக இருக்கிறது, மண்டபமே சிவந்தது போல, கேள்வி கேட்டவர் மெல்ல உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். படத்தின் ஓரத்தில் ஊசி பிடித்த பெருவிரல் ஒன்று தெரிகிறது. புல்லு வெட்டும்போது அரிவாள் பட்டு நகம் இரண்டாகப் பிளந்து வளர்ந்த பெருவிரல். அந்த விரல் படத்தில் விழுந்ததை நான் இதுவரை கவனித்ததேயில்லை.

"அது உன்ரை விரல்," என்றார் இவர், திரையைப் பார்த்தபடி.

"ஓம்," என்றேன்.

  அந்த ஓம் என் வாயிலிருந்து எப்படி அவ்வளவு இலகுவாக வந்தது என்று நானே அதிசயித்துக்கொண்டிருந்தேன், பால் காய்ந்துவிட்டதா என்று கேட்டதற்குச் சொல்கிற ஓம் போல. அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். அவர் அழவில்லை, கோபமும் இல்லை, தாடையை இறுக்கிக்கொண்டு அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார், வெள்ளத்துக்குப் பிறகு வயலைப் பார்க்கிற மாதிரி, எவ்வளவு போனது, எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கிற மாதிரி. பார்க்கட்டும். எனக்குப் பார்த்து முடிய எத்தனையோ வருடம் எடுத்தது, அவருக்கு இன்றைக்குத்தான் தொடங்குகிறது. ஒரு நேரம் எழும்புவதுபோல முன்னுக்குச் சரிந்தார், எல்லாருக்கும் முன்னால் ஏதும் சொல்லப்போகிறாரோ என்று பார்த்தேன். என் சேலை நுனி அவர் காலில் மாட்டியிருந்தது போல, அதை ஒதுக்கிவிட்டு மறுபடி சாய்ந்துகொண்டார். கை தட்டினார்கள். முதலில் ஒருவர், பிறகு எல்லாரும். நானும் தட்டினேன். எனக்கு நானே கை தட்டுகிறேன் என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினேன், பெருவிரல் நோகுமட்டும்.

வெளியே விறாந்தையில் தேத்தண்ணியும் றோல்ஸும் வைத்திருந்தார்கள். மழை தூறத் தொடங்கியிருந்தது. மிஸ் ஒரு கூட்டத்துக்கு நடுவில் நின்றார், என்னைக் கண்டார், கண்ட கண் நிற்காமல் என்னைத் தாண்டிப் போனது, முன்பின் அறியாத ஆளைத் தாண்டுகிற மாதிரி. அது எங்களுக்குள்ளே இருக்கிற ஒப்பந்தம். பொது இடத்தில் அவராக எங்களைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார், நாங்களாகப் போய்ப் பேசினால் மட்டும்தான். எத்தனையோ தடவை சந்தையில், பஸ் நிலையத்தில், அவர் என்னைத் தாண்டிப் போயிருக்கிறார், நானும் தாண்டிப் போயிருக்கிறேன். இவர் எனக்கு ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக் கொண்டுவந்து நீட்டினார், சீனி கூட, எனக்குப் பிடித்த மாதிரி. வாங்கினேன். குடிக்கவில்லை. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, வாங்கோ என்று இவரைக் கூப்பிட்டேன், கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன், மிஸ்ஸின் முகத்தில் ஒரு கணம் பயம் வந்து போனதைக் கண்டேன், எனக்காகப் பயந்தது.

"மிஸ், இவர் என்ரை அவர்," என்றேன். பிறகு இவரிடம் திரும்பி, பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கிற குரலில் சொன்னேன். "இவ துஷ்யந்தி மிஸ். நாங்கள் ரெண்டு பேரும் சேந்துதான் இந்த ஆராய்ச்சி செய்தனாங்கள்."

மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார், கை ஈரமாக இருந்தது. இவர் இரண்டு ஹெல்மெற்றையும் ஒரு கைக்கு மாற்றிவிட்டு, மற்றக் கையை நெஞ்சில் வைத்தார். "விளங்கினது டொக்டர்," என்றார். "எனக்கு எல்லாம் விளங்கினது." அவ்வளவுதான் அவருக்குப் பேச வரும். பக்கத்தில் நின்ற வெள்ளைச் சேட்டுக்காரர் என்னைப் பார்த்தார், என் பெருவிரலைப் பார்த்தார், பிறகு தன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன், குனியாமல்.

புத்தகம் அச்சாகி வந்தபோது எனக்குரிய பிரதியை மிஸ்ஸிடமே வைத்திருக்கச் சொல்லியிருந்தேன். அதைத் தாங்கோ, வீட்டில் வைக்கப்போகிறேன் என்று கேட்டேன். பையிலிருந்து எடுத்துத் தந்தார். நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. வாசலில் தூறல் வலுத்திருந்தது, இவர் மோட்டார் சைக்கிளைத் துடைத்து நேராக்கிவிட்டுக் கையை நீட்டினார்.

"நனையப் போகுது. தா, சேட்டுக்குள்ள வைக்கிறன்."

"இல்லை," என்றேன், ஏறி இருந்துகொண்டு. "நான் பிடிக்கிறன்."